நஞ்சன்கூட்டுப் போரும் நஞ்சராசரின் முத்திரையும்

கன்னட நாட்டிற் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் நஞ்சன்கூட்டுக்குச் செல்லாதார் அரியர். கபிலை ஆற்றில் நீராடி, நஞ்சுண்டேசுவரரை வணங்கி, திருச்சுற்றில் நம் நாயன்மார் திருவுருவங்களைக் கண்டு, "இங்கும் அறுபத்துமூவரா!" என வியந்து திரும்புதல் நம்மவர் வழக்கம். ஆயின், அவ்வூரின் அருகே 1761ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு போரையும், அதனைத் தொடர்ந்து வாள் செய்ய மாட்டாத வேலையைச் சில கடிதங்கள் செய்து முடித்த கதையையும் நினைப்பார் சிலரே. வலிமை என்பது வேறு, ஆணை என்பது வேறு, அவ்விரண்டையும் மக்கள் ஏற்கும்படி செய்யும் உரிமை என்பது வேறு. இம்மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது அவற்றின் வேற்றுமை நமக்குத் தோன்றுவதில்லை. அவை பிரிந்து, ஆளுக்கொன்றாய் நின்ற காலம் மைசூர் வரலாற்றில் உண்டு.

நஞ்சன்கூட்டுக்கு அண்மையில் களலே என்றொரு சிற்றூர் உளது. இவ்வூர்க் குடியினரே மைசூர் உடையார்களின் தளவாய்களாக, அதாவது படைத்தலைவர்களாக, வழிவழி வந்தவர்கள். படையைக் கையில் வைத்திருப்பவன் நாளடைவில் பொக்கிசத்தையும் கையிற் கொள்வான் என்பது எந்நாட்டிற்கும் பொது. 1734இல் தளவாய் தேவராசையர் அரசரையே அரியணையினின்று இறக்கிச் சிறையில் அடைத்தார். இரண்டாம் கிருஷ்ணராச உடையார் என்னும் சிறுவரை அமர்த்தினார். அவர் தம்பி நஞ்சராசையர் 'சர்வாதிகாரி' என்னும் பதவியை ஏற்றார். இன்று நாம் வசைச்சொல்லாக வழங்கும் அச்சொல், அன்று மைசூரில் முறையான ஓர் அலுவற் பெயர் என்பதனை ஈண்டு நினைத்தல் வேண்டும். நஞ்சராசர் கன்னடத்தில் நூல்கள் இயற்றிய புலவர். நஞ்சுண்டேசுவரர்பால் பெரும் பத்தி பூண்டவர். தம் மகளை அரசருக்கே மணம் செய்வித்தவர். அம்மருகர் வளர்ந்து தலையெடுக்க முயன்றபோது, அரண்மனை வாயிலைத் தகர்த்துப் புகுந்து அடக்கியவரும் அவரே. அச்செயலை வெறுத்த தமையனார் தலைநகரைத் துறந்து சத்தியமங்கலம் சென்றார்.

இத்துணை வலிமை பெற்றிருந்தும் களலேத் தளவாய்கள் அரியணையில் ஏறவில்லை. ஏன்? ஐரோப்பாவிலும் பிராங்கு அரசர்களின் அரண்மனைத் தலைவர்கள் நெடுங்காலம் இவ்வாறே ஆண்டனர். 751இல் பெப்பின் என்பான் போப்பின் ஒப்புதல் பெற்ற பின்னரே முடி சூடினான். மராத்தியத்தில் பேஷ்வாக்கள் சத்தாராவில் இருந்த சத்திரபதியின் பெயரால் ஆண்டனர். மைசூர் நாட்டினர் தசராக் கொலுவில் உடையார் மரபினரைக் கண்டே பழகியவர்கள். பிறர் அவ்விடத்தில் அமர்ந்தால், அவ்வாணை அன்றுவரை பெற்ற பணிவைப் பெறுமா என்ற ஐயம் தளவாய்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

நஞ்சராசரின் வீழ்ச்சி நம் தமிழ்நாட்டிலேதான் தொடங்கியது. திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகம்மது அலி கூறிய சொல்லை நம்பி, 1752 முதல் 1755 வரை திருவரங்கத்தில் அவர் பாளையம் இறங்கிக் கிடந்தார். நவாபு சொல் தவறினார், கோட்டை கிட்டவில்லை, பொக்கிசம் வற்றியது. ஊதியம் பெறாத வீரர்கள் 1758இல் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அமைதிப்படுத்தும் பொறுப்பு, திண்டுக்கல்லில் பௌசுதாராக இருந்து படையும் பணமும் திரட்டியிருந்த ஐதர் அலியிடம் வந்து சேர்ந்தது. கூலி கொடுக்க இயலாத தலைவனிடமிருந்து கொடுக்க வல்லவனிடம் அதிகாரம் நடந்து சென்றது எனலாம். நஞ்சராசர் பதவி நீங்கிக் கோணனூரில் ஒதுங்கினார்.

ஆயினும் ஐதர் விரைவில் தனிமைப்பட்டார். அவர்தம் கணக்கராக இருந்து உயர்ந்த கண்டே ராவ், மூத்த அரசியாருடன் சேர்ந்து 1760இல் அவருக்கு எதிராகத் திரும்பினார். ஐதர் தப்பியோடிப் படை சேர்த்து மீண்டு வந்தார். நஞ்சன்கூட்டை அடுத்து இரு படைகளும் மோதின. ஐதர் தோற்றார்.

இனி நிகழ்ந்ததே நாம் கருத வேண்டுவது. வலிமையால் வெல்ல இயலாதென உணர்ந்த ஐதர், சிறு குதிரைப்படையுடன் கோணனூர் சென்று, தாம் வீழ்த்திய நஞ்சராசரின் காலிலேயே வீழ்ந்தார். முதியவர் நெஞ்சம் இளகினார். தம் பெயரையும் ஆதரவையும் நல்கினார். நஞ்சராசரிடம் அன்று பெரும்படை இல்லை, பதவியும் இல்லை. எனினும் களலேத் தளவாய் என்னும் பெயருக்குப் பழைய படைத்தலைவர்களிடையே மதிப்பு எஞ்சியிருந்தது. ஐதர் அதனைப் படைக்கலமாக்கினார். கண்டே ராவைப் பிடித்துக் கொடுக்க முன்னரே ஒப்பியவாறு செய்க என, அவருடைய படைத்தலைவர்களுக்கு நஞ்சராசர் எழுதியவைபோற் பொய்க்கடிதங்கள் வரைந்து, முத்திரையிட்டு, அவை கண்டே ராவின் கையிலேயே சிக்குமாறு அனுப்பினார். கடிதங்களைக் கண்ட கண்டே ராவ் தம்மவரே தம்மைக் காட்டிக்கொடுப்பர் என அஞ்சிப் பாளையத்தை விட்டு ஓடினார். தலைவனை இழந்த படையை ஐதர் எளிதில் முறியடித்தார். மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் இதனை விரித்து எழுதியுள்ளார்.

ஓலை பொய், அதன் மேலிருந்த பெயரின் மதிப்போ மெய். நஞ்சராசர் சொன்னால் தலைவர்கள் கேட்பர் என்று கண்டே ராவே நம்பாதிருந்தால், அச்சூழ்ச்சி ஒரு நாழிகையும் நின்றிராது. பின்னர்க் கண்டே ராவுக்காக அரண்மனையார் இரங்கி வேண்டியபோது, "கிளிபோல் வளர்ப்பேன்" என்று வாக்களித்த ஐதர், அவரை இரும்புக் கூட்டில் அடைத்துப் பாலும் சோறும் ஊட்டினாராம்! நஞ்சராசருக்கும் நன்மை விளையவில்லை. நாளடைவில் அவரும் ஐதரின் காவலிலேயே வைக்கப்பட்டார்.

1761இல் நாடு ஐதர் கைக்கு வந்தது. அப்போதும் அவர் முடி சூடவில்லை. அரசர் செலவுக்கென வருவாய்ப் பகுதிகளை ஒதுக்கி, ஆண்டுதோறும் தசராவில் உடையாரை மக்களுக்குக் காட்டினார். தாம் அடித்த பொற்காசின் ஒரு புறம் சிவனும் பார்வதியும் வீற்றிருக்க, மறு புறம் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்தார். அரச மரபில் நேர்வழி அற்றபோது, 1776இல் கிளைவழியினின்று ஒரு குழந்தையைத் தேர்ந்து அமர்த்தினார். பொம்மையே ஆயினும், அப்பொம்மையின்றித் தம் ஆணை செல்லாதென அவர் அறிந்திருந்தார் என்பதே நம் துணிபு.

திப்பு சுல்தான் வேறு வழி கண்டார். தாமே பாதுஷா என அறிவித்து, 1786இல் துருக்கிச் சுல்தானிடம் தூதுக்குழு அனுப்பி ஏற்புப் பெற்றார். 1796இல் உடையார் இறந்தபின் மற்றொருவரை அமர்த்தவில்லை. எனினும் நஞ்சன்கூட்டை அவர் மறக்கவில்லை. தம் பட்டத்து யானையின் கண்நோய் தீர்ந்தமைக்காக அவர் பச்சை இலிங்கம் அளித்தார் என்றும், இறைவனை 'அக்கீம் நஞ்சுண்டர்', அஃதாவது மருத்துவர் நஞ்சுண்டர், என அழைத்தார் என்றும் கோயில் மரபு கூறும்.

1799இல் திப்புவை வென்ற ஆங்கிலேயரும் நாட்டை முழுதும் தம் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. சூன் 30ஆம் நாள் ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராச உடையாரை அரியணையேற்றினர். ஆண்டுக்கு ஏழு இலட்சம் வராகன் திறை என்றும் எழுதி வாங்கினர். களலேத் தளவாய்க்கும் ஐதருக்கும் தேவைப்பட்ட பெயர் கும்பினியாருக்கும் தேவைப்பட்டது! 1831இல் பெண்டிங்கு ஆட்சிப் பொறுப்பை அவரிடமிருந்து பறித்தார். அவர் 1868இல் மறையும்வரை அதனை மீளப் பெறவில்லை. 1881இல்தான் ஆட்சி அவர் வளர்ப்பு மகன் சாமராசேந்திரரிடம் திரும்பியது.

ஆட்சி இழந்த அந்நெடிய ஆண்டுகளிலும் குடிகள் அவரையே 'மகாராசா' என்றனர். நஞ்சன்கூட்டுக் கோயிலுக்கு அவரும் அவர்தம் அரசியரும் செய்த திருப்பணிகள் பல. விண்ணோங்கும் இராசகோபுரம் அவர் காலத்ததே. கோயிலுள் அவர் உருவம் அரசியர் புடைசூழ, கைகூப்பிய நிலையில் நிற்கக் காணலாம்.