வகுப்பறையில் நமக்குரிய இடம்

பள்ளிக்கூடத்தின் கதவு நம் சமுதாயத்திற்குத் திறந்த வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். உள்ளே நுழைந்த சிறுவன் எங்கே உட்கார்ந்தான், ஆசிரியர் அவனை எவ்வாறு நோக்கினார் என்பதோ குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நம் இளைஞர்கள், அவர்களுள்ளும் ஆசிரியப் பணிக்குச் செல்வோர், அறிய வேண்டிய பகுதி அதுவே.

1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சாத்தாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் பீமராவ் என்னும் சிறுவர் சேர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாள்களைப் பற்றிப் பின்னாளில் எழுதிய குறிப்புகள் உள்ளத்தை உருக்குவன. மற்ற மாணவர்கள் தேர்ச்சி வரிசைப்படி அமர, அவர் மட்டும் மூலையில் தனியே சாக்குத் துணியில் அமர்ந்தார். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளரும் அத்துணியைத் தொடமாட்டார். ஆகவே மாலையில் வீட்டுக்குச் சுமந்து சென்று மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் ஆசிரியரின் அனுமதி மட்டும் போதாது. சேவகர் வந்து குழாயைத் திறக்க வேண்டும். சேவகர் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. பின்னர் பம்பாயில் எல்பின்ஸ்டன் பள்ளியில் கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் அவரை அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த உணவுப் பாத்திரங்களை அப்புறப்படுத்த ஏனைய மாணவர்கள் ஓடினர்.

அத்தகைய சூழலிலும் தம் உணவில் பங்கிட்டு அளித்த ஓர் ஆசிரியர் இருந்தார் என்று அண்ணலின் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் கூறுகிறார். கேலுஸ்கர் என்னும் மற்றோர் ஆசிரியர், பூங்காவில் தனியே படித்துக்கொண்டிருந்த சிறுவரிடம் தாமே சென்று பேச்சுக் கொடுத்தவர். 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணைநின்றார். 1956இல் நாகபுரியில் அண்ணல் பௌத்தம் தழுவிய செய்தியைப் படிக்குந்தோறும் அந்தப் பரிசு நூல் நம் நினைவுக்கு வராமல் போவதில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் நம் புதுவையிலும் ஒரு நிகழ்ச்சி. 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதியார், 1913இல் கனகலிங்கம் என்னும் நம் சமுதாய இளைஞருக்குப் பூணூல் அணிவித்துக் காயத்திரி மந்திரம் உபதேசித்தார். பிறப்பால் தாழாதவனை உயர்த்த ஒரு நூல் எதற்கு என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் கனகலிங்கம் பிற்காலத்தில் எழுதிய நூலின் தலைப்பிலேயே பாரதியாரைக் 'குருநாதர்' என்றார். அருகில் அமர்த்திப் பேசாத ஒருவரை அவ்வாறு அழைக்க எவருக்கும் மனம் வராது.

லாஸ்பேட்டையில் 1961இல் தாகூர் கலைக் கல்லூரி தோன்றியது. தொடர்ந்து பள்ளிகளும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் பெருகின. சாக்குத் துணி மறைந்தது. எனினும், "உதவித்தொகை வாங்குகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பு நடுவே எழும் குரலை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். இதை எழுதுபவனும் அவ்வாறு எழுந்து நின்றவனே. அந்த ஆண்டு முழுவதும் அந்த ஆசிரியரிடம் ஒரு சந்தேகம் கேட்கவும் எனக்கு வாய் எழவில்லை. மறு ஆண்டு வந்த ஆசிரியரோ, இடைவேளையில் என்னைத் தனியே அழைத்துப் படிவத்தைக் கொடுத்தார். நிரப்பிக் கொடுத்ததும், "கையெழுத்து அழகாக இருக்கிறதே" என்றார். அல்ஜீப்ரா எனக்குப் புரியத் தொடங்கியது அவர் வகுப்பில்தான்.