நிறுத்தத் தெரிந்த மின்சுற்று

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில், அக்குறணைக்கு வடக்கே அமைந்த அலவத்துகொடவின் அயற்புறம் மின் உற்பத்திக்குப் புதியதன்று. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1976 முதல் அங்குள்ள நிலையத்தைச் சுழற்றி வருகிறது. ஆயினும் மின் பிறக்கும் இடமும் மின் எரியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. 1990களின் தொடக்கத்திற்கூட இலங்கை வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இணைப்பு எட்டியிருக்கவில்லை. மலைநாட்டின் உட்கிராமங்களில் அந்த இடைவெளியை நிரப்பியது பற்றரியே.

வானொலிக்கு உலர்கலங்கள் போதுமானவையாக இருந்தன. 1982இல் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கியபின், 12 வோல்ற்றில் இயங்கும் கறுப்புவெள்ளைத் தொலைக்காட்சிக்காக வாகனப் பற்றரிகள் வீட்டுக்குள் வந்தன. இவை ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட சேமிப்புக் கலங்கள். இயந்திரத்தை முடுக்குவதற்காகச் சில விநாடிகள் பெருமின்னோட்டத்தைத் தரும்படி மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டவை. நாளுக்கு நான்கு மணிநேரம் ஒன்றரை அம்பியர் வீதம் மின்னை எடுத்தால், 40 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரி ஒரு வாரத்துக்குள் வெறுமையாகிவிடும். பின்னர் அதை நகரத்து மின்னேற்றும் கடைக்குச் சுமந்து செல்ல வேண்டியதுதான்.

எளிய மின்னேற்றிகளில் 230 வோல்ற்றைத் தாழ்த்தும் நிலைமாற்றியும், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் இருவாயிகளும் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. அவற்றுக்கு ஏற்றத் தெரியும், நிறுத்தத் தெரியாது. ஏறத்தாழ 14.4 வோல்ற்றைத் தாண்டியும் மின்னோட்டம் தொடர்ந்தால், அமிலக் கரைசலிலுள்ள நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேற, தகடுகள் நீர்மட்டத்துக்கு மேலே தெரியத் தொடங்கும்; சேர்ந்த வாயு ஒரு தீப்பொறியில் வெடிக்கவும் கூடும்.

இத்தகைய மின்னேற்றிக்கு மாற்றாக, சோதனை ஆர்வலர்கள் வீட்டு மேசையில் ஒட்டிச் செய்த திரான்சிற்றர் சுற்றின் சிறப்பு இங்கேதான் உள்ளது. குறிப்பிட்ட வோல்ற்றளவை மாறாமல் வைத்திருக்கும் செனர் இருவாயியின் அளவோடு பற்றரியின் வோல்ற்றளவு ஒப்பிடப்பட்டு, இரண்டும் நெருங்க நெருங்கத் திரான்சிற்றர் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். இப்பணிக்கு உலகெங்கும் பயன்பட்டது 2என்3055 என்னும் வலுத் திரான்சிற்றர். அதில் 4 வோல்ற்று விழுந்து 5 அம்பியர் பாய்ந்தால் 20 வாற்று வெப்பம் எழுமாதலால், அலுமினியத் தகட்டில் இறுக்கிப் பூட்டாதவரின் சோதனை சில நிமிடங்களில் கருகி முடியும். சுற்றைச் செப்பஞ்செய்ய வோல்ற்றுமானியும், அமிலத்தின் தன்னீர்ப்பு 1.28ஐ எட்டியதா என்று காட்டும் நீரமானியும் போதும். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1970களில் அரிதாயிருந்த உதிரிப்பாகங்கள், 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் எளிதில் கிடைக்கலாயின. கைவேலைச் சோதனைகளுக்குக் கொள்கை மாற்றமும் ஒரு காரணம் என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

போர்க்கால யாழ்ப்பாணத்தின் நிலை வேறாக இருந்தது. 1990க்குப் பின் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, பற்றரிகளும் தடைப்பட்ட பொருள்களாயிருந்த குடாநாட்டில், சைக்கிள் டைனமோவே வானொலியை இயக்கியது. 6 வோல்ற்றில் 3 வாற்று மட்டுமே தரும் அக்கருவியின் ஆடலோட்டத்தைச் சீராக்க நான்கு இருவாயிகள் போதுமாயிருந்தன. மிகையேற்றத்தைத் தடுக்கும் நுட்பத்துக்கு அங்கே தேவையே எழவில்லை, ஏனெனில் மிதிப்பவர் களைத்ததும் மின்னோட்டமும் நின்றுவிடும்.

1990களின் பிற்பகுதியில் உலக வங்கியின் கடனுதவியோடு கிராமங்களில் பரவிய சூரிய மின்தொகுதிகள், அதே ஒப்பீட்டுச் சுற்றைத் தொழிற்சாலைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தன. அவற்றில் ஒரு வேலை கூடுதலாக இருந்தது: பற்றரி ஏறத்தாழ 11.5 வோல்ற்றுக்குத் தாழ்ந்ததும் விளக்கையும் தொலைக்காட்சியையும் துண்டித்துவிடுதல். வீட்டுச் சோதனையாளரின் சுற்று பற்றரியை மிகையேற்றத்திலிருந்து மட்டுமே காத்தது. வாகனப் பற்றரியை விரைவில் கெடுத்ததோ பெரும்பாலும் அதை அடியோடு வடித்தெடுத்த இரவுநேரப் பாவனை.