வாவி ஊரியும் பொன் துகளும்: வலம், இடம் பற்றிய ஒரு வரலாறு



உயர்தர இரசாயனவியலில் ஒளியியற் சமபகுதியம் என்ற பாடத்தை எங்கள் பிள்ளைகள் பலர் மனப்பாடம் செய்தே கடந்து போகிறார்கள். அது ஐரோப்பாவில் எங்கோ நடந்த கதை, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறோம். அந்தப் பாடத்தை எங்கள் வாவிக் கரையிலிருந்தே தொடங்கலாம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1848 செப்டெம்பரில் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரேயுள்ள துறையடியில், இரவில் தண்ணீருக்குள்ளிருந்து இசை போல ஓர் ஓசை எழுகிறது என்று கேள்விப்பட்டு மீனவர்களை அழைத்து விசாரித்தார். இன்று 'பாடும் மீன்' என்று பெயர் பெற்றிருக்கும் அதே ஓசைதான். ஆனால் அன்றைய மீனவர்கள் அதை மீன் என்று சொல்லவில்லை, ஊரி என்றார்கள். தங்கள் வாப்பாமார், அப்பாமார் காலத்திலிருந்தே தெரிந்த விடயம் என்றும், மழைவெள்ளம் வந்தால் ஓசை நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன பெயரை டெனன்ட் ஆங்கில எழுத்தில் எழுதி, 'அழும் ஊரி' என்று பொருள் சொன்னார். எங்கள் காதுக்கு அது 'ஊரி குளறுது' என்றே கேட்கிறது. குளறுவது என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓசையை விட்டுவிடுவோம். அந்த ஊரியின் வடிவத்தைப் பார்ப்போம். கரையில் ஒரு சுருள் ஊரியை எடுத்து, கூர்முனை மேலேயும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடியுங்கள். வாய் ஏறக்குறைய எப்போதும் வலப்பக்கமே இருக்கும். சாதாரண சங்கும் அப்படித்தான். மிக அரிதாக ஒரு சங்குக்கு வாய் இடப்பக்கம் இருக்கும். அதைத்தான் நாம் வலம்புரி என்கிறோம்! உயிரியலாளர் இடம் என்பதை நாம் ஏன் வலம் என்கிறோம்? கூர்முனை கீழே இருக்கும்படி பிடித்துப் பார்ப்பது நம் வழக்கு. அப்போது அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும். பெயர் பிடிக்கிற விதத்தில் இருக்கிறது. ஆனால் வேறுபாடு சங்கில் இருக்கிறது. இரண்டு சங்கையும் ஒரே மாதிரிப் பிடித்து எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றதாகாது. வலக்கைச் சப்பாத்து என்று ஒன்று இருந்தால் அது இடக்கைக்குப் பொருந்தாததைப் போல.

வலம்புரிச் சங்கு விற்கப் போய்ப் பிடிபட்டவர்களின் செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். ஏமாந்து பணம் கொடுத்தவர்களின் கதையும் இருக்கிறது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வேறோர் இனச் சங்கு உண்டு. அதில் வாய் இடப்பக்கம் இருப்பதே வழமை. அங்கே சாதாரணமாகக் கிடைப்பது இங்கே அபூர்வம் என்று விலைபேசப்படுகிறது.

இப்போது பரிஸ் நகருக்குப் போவோம். டெனன்ட் இங்கு வந்த அதே 1848இல், அங்கே லூயி பாஸ்டர் என்ற 25 வயது இளைஞர் தாத்தாரிக் அமிலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் மீன் ஆணத்துக்குக் கரைத்து ஊற்றும் பழப்புளியில் இருக்கும் அமிலம்தான் அது. அதன் கரைசலூடாகத் தளமுனைவாக்கப்பட்ட ஒளியைச் செலுத்தினால் ஒளியின் தளம் வலப்பக்கம் திரும்பும். ஆனால் அதே சேர்க்கையுள்ள இன்னொரு வகை அமிலம் ஒளியைத் திருப்பவேயில்லை. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

பாஸ்டர் அந்த இரண்டாவது வகையின் உப்புப் பளிங்குகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சிலவற்றில் ஒரு சிறிய முகம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, சிலவற்றில் இடப்பக்கம். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகப் பிரித்தார். தனித்தனியே கரைத்துப் பார்த்தபோது ஒன்று ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது அதே அளவுக்கு இடப்பக்கம் திருப்பியது. சமனாகக் கலந்திருந்ததால் ஒன்றை ஒன்று மறைத்திருந்தன. இந்தத் தன்மைக்குக் கெல்வின் பிரபு 1893இல் கைராலிற்றி என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'கை' என்பதிலிருந்து வந்த சொல். தமிழில் கைத்தன்மை எனலாம்.

சரி, பொன்னுக்கும் கை உண்டா? பத்தரின் பட்டறையில் உள்ள திண்மப் பொன்னில் அணுக்கள் பழக்கடையில் தோடம்பழம் அடுக்கியது போல ஒழுங்காக இருக்கும். கண்ணாடியில் பார்த்தாலும் அதே அடுக்குத்தான். அதில் வலமும் இல்லை, இடமும் இல்லை. பொன்னை மிக நுண்ணிய துகளாக்கினால் அது மஞ்சளாக இராது, மாணிக்கச் சிவப்பாகும் என்று 1857இல் மைக்கேல் பரடே இலண்டனில் காட்டினார். அதைவிடவும் சிறிதாக, சில பத்து அணுக்கள் மட்டும் சேர்ந்த கொத்துகளை இன்று இரசாயனவியலாளர் செய்கிறார்கள். அளவு 1 முதல் 2 நனோமீற்றர். நம் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்றால் கணக்குப் பாருங்கள். இந்தக் கொத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கந்தகம் கொண்ட மூலக்கூறுகளால் போர்த்திவைப்பார்கள்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஷாஃப், வெட்டன் இருவரும், குளுற்றதயோன் போர்த்திய பொற்கொத்துகள் கைத்தன்மையை வலுவாகக் காட்டுவதாக அறிவித்தார்கள். குளுற்றதயோன் நம் உடற்கலங்களிலும் இருப்பது, தானே கைத்தன்மை உடையது. ஆகவே கை பொன்னுடையதா, போர்வையுடையதா என்ற கேள்வி எழுந்தது.

2007இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரொஜர் கோர்ன்பேர்க்கின் குழு 102 பொன் அணுக்களும் 44 போர்வை மூலக்கூறுகளும் கொண்ட கொத்தின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டது. அந்தப் போர்வை மூலக்கூறில் கைத்தன்மை இல்லை. அப்படியிருந்தும் கொத்துக்கு இருந்தது! பொன்னும் கந்தகமும் மேற்பரப்பில் பிணைந்து சுற்றிய விதமே அதற்குக் கையைக் கொடுத்தது. ஓலை ஒன்றுதான், பெட்டி இழைக்கும்போது எந்தப் பக்கம் முறுக்குகிறோம் என்பதில்தான் வலமும் இடமும் வருகிறது. அந்தப் பளிங்கில் இரு கைகளும் சமனாகவே இருந்தன, பாஸ்டரின் உப்பைப் போல.

2012இல் ஜெனீவாவில் தோமஸ் பூர்கியின் குழு 38 பொன் அணுக்கள் கொண்ட கொத்துகளை வலம், இடம் என்று பிரித்தெடுத்தது. அங்கே சிறுசாமணத்தின் வேலையை நிறப்பகுப்பு நிரல் செய்தது. அதே ஆண்டு இன்னொன்றையும் கண்டார்கள்: பிரித்ததைச் சூடாக்கினால் ஒரு கை மற்றதாக மாறி, மறுபடியும் கலவையாகிவிடுகிறது.

நமக்குப் பக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழுவும் இத்தகைய பொன், வெள்ளிக் கொத்துகளை ஆராய்கிறது. அதே குழு உலோக நனோத் துகள்களைக் கொண்டு குடிநீரில் உள்ள பீடைகொல்லி நஞ்சை நீக்கும் வழியையும் கண்டது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தும்மலுக்கு எடுக்கும் செற்றிரிசின் 10 மில்லிகிராம் இருக்கும், லெவோசெற்றிரிசின் 5 மில்லிகிராம் இருக்கும். முதலாவது இரு கைகளின் கலவை. இரண்டாவது ஒரு கை மட்டும், வேலை செய்கிற கை. அதனால்தான் பாதி அளவு போதும். (டொக்டரிடம் கேட்காமல் மாற்றிக் குடிக்க வேண்டாம்.)

தலிடோமைட் கதையோ துயரமானது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட அந்த மருந்து 1961இல் நிறுத்தப்படும் முன்னர் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாதித்தது. ஒரு கையை மட்டும் கொடுத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. உடலுக்குள் போனதும் ஒரு கை மற்றதாக மாறிவிடுகிறது. கையைப் பிரித்தால் மட்டும் போதாது, பிரித்த கை நிலைத்து நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். ஜெனீவாவில் பொற்கொத்தைச் சூடாக்கிக் கேட்டதும் இதே கேள்விதான்.

ஆசிரிய நண்பர்களே, இந்தப் பாடத்தை நடத்தும் நாளில் கரும்பலகைக்கு முன் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு ஊரியைக் கொடுப்போம். வாய் எந்தப் பக்கம் என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். அதைக் கண்ணாடியின் முன் பிடித்து மறுபடியும் பார்க்கட்டும். சமபகுதியம் என்ற சொல் அதற்குப் பிறகு வந்தால் போதும்.