அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதி: வெளிநாட்டு உறவும் கடனும் தடையா?

அமெரிக்க அரசாங்கத்தின் இரகசியத் தகவல்களைக் கையாளும் வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி தேவை. பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கே அது வழங்கப்படும். 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ள விதிமுறையின்படி 13 அம்சங்கள் ஆராயப்படுகின்றன. வெளிநாட்டுத் தொடர்பும் பண நிலைமையும் அவற்றில் அடங்கும்.

மலேசியாவிலிருந்து சென்று அங்கு குடியுரிமை பெற்ற ஒருவர் விண்ணப்பித்தால், இங்குள்ள பெற்றோர், உடன்பிறந்தோர், வீடு, நிலம், வங்கிக் கணக்கு ஆகிய விவரங்களை எஸ்.எப். 86 பாரத்தில் எழுத வேண்டும். உறவினர் வெளிநாட்டில் இருப்பது மட்டுமே தடையாகாது. அவர்களைக் காட்டி மிரட்டியோ ஆசை காட்டியோ விண்ணப்பதாரரை வளைக்க முடியுமா என்பதே கேள்வி. அதனால் அவர்கள் எந்த நாட்டில் வசிக்கிறார்கள், அரசாங்க வேலையில் இருக்கிறார்களா என்பதும் கவனிக்கப்படும்.

கடனுக்கும் இதே அளவுகோல்தான். வேலையிழப்பு, மருத்துவச் செலவு, மணமுறிவு ஆகியவற்றால் கடன்பட்டு அதை ஒழுங்காகக் கட்டி வந்தால், அது விண்ணப்பதாரருக்குச் சாதகமாகக் கருதப்படலாம். சூதாட்டக் கடன், வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமை, வருமானத்துக்கு மிஞ்சிய செலவு ஆகியவை சந்தேகத்தை எழுப்பும்.

இதற்குப் பழைய அனுபவமும் உண்டு. சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் கடன் நெருக்கடியில் 1985இல் சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்கத் தொடங்கினார். பின்னர் 5 லட்சத்து 40 ஆயிரம் டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார். 1994இல்தான் கைதானார்.

பாரத்தில் வேண்டுமென்றே பொய் எழுதுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். கடனுக்கு விளக்கம் தர வாய்ப்புண்டு. மறைத்தது தெரியவந்தால் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும்.