வீடு தேடி வந்த பாலியேட்டிவ் குழு: அதன் தலைமை யார்?

"இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்க." 2004-ல் ஒரு மருத்துவமனை என் தமக்கையாரை இப்படிச் சொல்லி அனுப்பிவிட்டது. வீட்டில் வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களோ வந்தவாசிப் பக்கமிருந்து கோழிக்கோட்டுக்கு ஜவுளி வியாபாரத்துக்கு வந்தவர்கள். சொந்தபந்தம் எல்லாம் ஊரில். அப்போது எங்கள் வாசலில் வந்து நின்ற ஜீப்பின் பூர்வ கதையைத்தான் எழுதப் போகிறேன். பட்டம் படித்தவனல்ல நான். கடை மூடிய பிறகு தேடிப் படித்தது.

இதற்கு மூலம் லண்டன். சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூக ஊழியர், அதற்கும் பிறகுதான் டாக்டர். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். 1969 முதல் அங்கிருந்து ஒரு குழு நோயாளிகளின் வீடுகளுக்கே போயிற்று. 1986-ல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய் வலிக்கு மார்ஃபினை வாய்வழியாகக் கொடுக்கும் முறையை வகுத்துத் தந்தது. நம் நாட்டிலோ 1985-ன் போதைப்பொருள் சட்டம் குறுக்கே நின்றது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே அபினி ஆலை நடத்துகிறது. ஆனால் நம் நோயாளிக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை கிடைக்க லைசென்ஸ் மேல் லைசென்ஸ்! உப்பளக்காரன் வீட்டுக் குழம்பில் உப்பில்லாத கதைதான். சட்டத்தைத் திருத்த 2014 வரை ஆயிற்று.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நடக்க முடிந்தவர்கள் வந்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள்? டாக்டர் தலைமையில்தான் குழு போகவேண்டும் என்றால் நாளைக்கு எத்தனை வீடு போக முடியும்? 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் மலப்புறம் மாவட்டத்தில் இதற்கு விடை கண்டார்கள். அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு 16 மணி நேரப் பாடமும், நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும் குழுவுக்கு நர்ஸ் தலைமை, பின்னால் யோசனைக்கு டாக்டர், கூடவே தொண்டர்கள். 2008-ல் கேரள அரசு இதையே கொள்கையாக்கி, பஞ்சாயத்துக்களின் பொறுப்பில் வைத்தது. என்னைக் கேட்டால், மார்ஃபினைவிடப் பெரிய மாற்றம் இந்தத் தலைமை மாற்றம்தான்.

இங்கே ஒரு சமணனாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பகவதி ஆராதனை என்ற பழைய நூல், சல்லேகனை இருக்கும் முனிவருக்குத் துணையாக 48 பேரைச் சொல்கிறது. புரட்டிப் படுக்க வைக்க நால்வர், மலஜலம் அகற்ற நால்வர், வாசல் காக்க நால்வர் என்று வேலைப் பங்கீடு. எல்லாருக்கும் மேலே ஓர் ஆசாரியர். அது விரதம், இது வைத்தியம். இரண்டும் ஒன்றென்று சொல்லவரவில்லை. ஆனாலும் மலஜலம் எடுப்பவரும் கணக்கில் சேர்ந்த குழு அது.

எங்கள் வீட்டுக்கு வந்த சிஸ்டர் நாற்காலியில் உட்காரவில்லை, கட்டிலோரம் உட்கார்ந்தார். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். அடுத்த கேள்வி, மலம் போகிறதா என்பது. எனக்கு என்னவோபோல் இருந்தது. மார்ஃபின் மலச்சிக்கல் உண்டாக்கும், பேதி மருந்து கூடவே போகணும் என்று பிறகுதான் புரிந்தது. நாலு மணிக்கொரு மாத்திரை. ராத்திரி படுக்கும்போது இரண்டு, நடுவில் எழுப்பாமல் இருக்க. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது என்றதும், தாளில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார். புண் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினார். கட்டுப்போடப் பழைய பருத்தித் துணியை வெட்டி, குக்கரில் அவித்து வைக்கச் சொன்னார். நாற்பது வருஷம் துணி விற்றவனுக்கு அன்றுதான் துணியின் உபயோகம் தெரிந்தது.

மூன்றாம் தடவை வந்தபோது அந்த சிஸ்டர் என்னைத் திண்ணைக்கு அழைத்து வந்து, "சேட்டா, அக்கா என்கிட்ட வலியைத்தான் சொல்றாங்க, மனசைச் சொல்லலை. எனக்குத் தமிழ் போதாது. உங்க சங்கத்திலிருந்து ரெண்டு பேர் வருவாங்களா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்துப் பெண்கள் மூவர் அந்த ஜீப்பில் ஏறினார்கள். அக்கா அவர்களிடம் முதலில் கேட்டது, ஊரில் மழை உண்டா என்று.