கழித்துவிட்ட கன்றிலிருந்து ஒரு பொன்சாய்

எந்த நாற்றுமேடைக்குப் போனாலும் பின்பக்கத்தில் ஒரு மூலை இருக்கும். நுனி முறிந்தவை, கோணலாக வளர்ந்தவை, பொலித்தீன் பை கிழிந்தவை எல்லாம் அங்கே கிடக்கும். அப்படியான ஒரு மூலையில்தான் என் முதல் இத்திக் கன்றைக் கண்டேன். வேர் பையைத் துளைத்து நிலத்துக்குள் இறங்கியிருந்தது. "இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறியள் தங்கச்சி, நல்ல கன்றுகள் முன்னுக்கு நிக்குது" என்றார் நாற்றுமேடைக்காரர். காசும் வாங்கவில்லை.

எங்கள் குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. அதன்பின் இருந்த ஒவ்வொரு வாடகை வீட்டிலும் அம்மா எதையாவது நட்டார். மாதுளை காய்க்கத் தொடங்கும் நேரத்தில் வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்பார். மரத்தை விட்டுவிட்டுப் போவோம். மரத்தைச் சாடியோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் என்னைப் பொன்சாய் பக்கம் இழுத்தது. சொந்தக் காணியில் நட முடியாத நிலையில் இருக்கும் வேறு சிலரும் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்க்க வேண்டும். பொன்சாய் என்பது குள்ளமான தனி இனம் அல்ல. சீனாவிலிருந்து யப்பானுக்குப் போன கலை இது. தட்டையான சாடியில் நடுதல் என்பதே சொல்லின் பொருள். நிலத்தில் வைத்தால் அதே மரம் பெரிதாக வளரும். மேலே கிளையையும் கீழே வேரையும் அளவோடு வெட்டி வருவதால்தான் அது சிறிதாக நிற்கிறது. பனையில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. பனைக்கு வளரும் குருத்து ஒன்றுதான். அதை வெட்டினால் மரம் பட்டுவிடும்.

யப்பானில் மலைகளில் இயற்கையாகக் குறுகிய மரங்களைத் தோண்டி எடுப்பதும் ஒரு மரபு. வடக்கில் அதைச் செய்ய வேண்டாம். காட்டு மரத்தை அனுமதியின்றி எடுப்பது குற்றம் என்பது ஒருபுறம், கண்ணிவெடி முழுதாக அகற்றப்படாத இடங்கள் இன்னும் இருக்கின்றன என்பது மறுபுறம். நாற்றுமேடையின் கழிவு மூலை போதும்.

தோட்டத்துக்குக் கன்று வாங்குபவர் நேராக, உயரமாக, இளமையாக இருப்பதைத் தேடுவார். நாம் தேடுவது அதற்கு எதிரானது. அடித்தண்டு தடித்திருக்க வேண்டும். மேலே போகப் போக மெலிய வேண்டும். தாழ்வாகக் கிளை இருக்க வேண்டும். நுனி முறிந்த கன்றில் பக்கக் கிளைகள் தாமாகவே வந்திருக்கும். விற்காமல் வருடக்கணக்கில் கிடந்ததால் தண்டும் பருத்திருக்கும். கழிப்பதற்கான காரணங்கள்தான் நாம் எடுப்பதற்கான காரணங்கள். மேல்மண்ணை விரலால் விலக்கி, வேர்கள் எல்லாப் பக்கமும் பரவியிருக்கிறதா என்றும் பாருங்கள். நோயில் வாடியதை மட்டும் எடுக்க வேண்டாம்.

தொடங்குபவர்களுக்கு இத்தி, ஆல் போன்றவை நல்லவை. இலையில்லாத பழைய தண்டிலிருந்தும் துளிர்க்கும் என்பதால் வெட்டுப் பிழைத்தாலும் மன்னிக்கும். கடதாசிப்பூ என்று நாம் சொல்லும் போகன்விலாவும் அப்படியே, ஆனால் அதன் வேர் எளிதில் முறியும். மண்ணை முழுதாக உதறக்கூடாது. அலங்காரத்துக்கு விற்கும் ஊசியிலைச் செடிகளில் ஒரு கிளையின் பச்சை முழுவதையும் எடுத்தால் பெரும்பாலும் அந்தக் கிளை பட்டுவிடும். அரசை வீட்டில் வைக்கக்கூடாது என்று அம்மா இன்னும் சொல்லுவார். நானும் வைக்கவில்லை.

கொண்டுவந்த உடனே தட்டைச் சாடியில் நட அவசரப்பட வேண்டாம். பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை அவிழ்த்து, தடித்த சுற்றுவேர்களை வெட்டி, முதலில் அகலமான பழைய பேசினில் அடியில் துளையிட்டு வையுங்கள். இத்தி என்றால் வேரில் பாதிவரை தாங்கும். மெலிந்த கன்றுக்கு வேரையும் கிளையையும் ஒரே நாளில் வெட்டக்கூடாது. என் அனுபவத்தில் சோளகம் வீசும் மாதங்களில் வேரில் கை வைக்காமல் இருப்பது நல்லது. காற்று இலையைக் காயவைக்கும், வெட்டுப்பட்ட வேரால் ஈடுகொடுக்க முடியாது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் செய்வேன். செய்த பின் இரண்டு மூன்று கிழமை கிடுகு நிழலில் வைக்க வேண்டும்.

மண்ணில்தான் நான் தோற்றேன். வளவுச் செம்மண்ணை அப்படியே தட்டைச் சாடியில் போட்டு ஒரு மாதுளை வைத்தேன். கோடையில் அது செங்கல்லாக இறுகியது. ஊற்றிய தண்ணீர் ஓரத்தால் வழிந்தது, உள்ளே போகவில்லை. மாதுளை செத்தது. சாடிக்கு வேண்டியது நீர் நிற்காமல் ஓடும், ஆனால் ஈரம் பிடிக்கும் கலவை. இப்போது நொறுக்கிய கூரை ஓடு இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு சேர்க்கிறேன். ஓட்டை நொறுக்கியபின் அரித்துத் தூளை நீக்கிவிட வேண்டும். தூள் இருந்தால் மறுபடியும் இறுகும். ஓடு எங்கே கிடைக்கும் என்று எங்களுக்குள் யாரும் கேட்கத் தேவையில்லை. காணி விடுபட்டபின் அம்மம்மாவின் வீடு இருந்த இடத்துக்குப் போனபோது பற்றைக்குள் கிடந்தவை ஓட்டுத் துண்டுகள்தான். ஒரு சாக்கு கொண்டுவந்தேன்.

குடாநாட்டுக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். சாடி விளிம்பில் வெள்ளை படிந்து இலை மஞ்சளானால் அதுவும் காரணமாக இருக்கலாம். மழைநீரைப் பிடித்து வைத்து இடையிடையே ஊற்றுங்கள். கிளையை வளைக்க அலுமினியக் கம்பியைச் சரிவாகச் சுற்றலாம். எங்கள் வெயிலில் இத்தி விரைவாகப் பருக்கும், ஒவ்வொரு கிழமையும் பார்த்து, கம்பி பட்டையில் அழுந்தத் தொடங்கும்போதே துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும்.

வாசிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஒரு யப்பானிய வெள்ளைப் பைன் பொன்சாய் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்பட்டது. 1945 ஓகஸ்ட் 6 அன்று கிரோசிமாவில் குண்டு விழுந்தபோது, ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரத்தில், யமாக்கி குடும்பத்தின் வளவில் ஒரு மதிலின் மறைவில் நின்றது. வீட்டுக் கண்ணாடிகள் சிதறின, மரம் தப்பியது. மசாரு யமாக்கி அதை 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 2001இல் அவருடைய பேரன்மார் பார்க்க வந்து சொன்னபோதுதான் அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது அங்கே பராமரித்தவர்களுக்குத் தெரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அதற்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் அறியாமலேயே ஊற்றியிருக்கிறார்கள்.

என் இத்தி இன்னும் பேசினில்தான் இருக்கிறது. போன மாசியில் மறுபடியும் வீடு மாறினோம். லாண்ட்மாஸ்டரில் சாமான்கள் ஏற்றும்போது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இந்த ஐப்பசிக்கு அதன் வேரைப் பார்க்க வேண்டும்.