டோர்ணக்கலுக்குப் புறப்பட்ட தமிழர்

திருத்தணிகை மலையடிவாரத்துக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. சித்தூர் மாவட்டத்திலிருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதால் மொழிகள் பிரிந்துவிடவில்லை. எல்லையூராருக்கு அடுத்த மொழி அயல்மொழி அன்று. ஆனால் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கோ தெலுங்கு நாடு தூரதேசமாகவே இருந்தது. அங்கே சென்று ஊழியஞ்செய்ய 1909இல் அவர் எடுத்த முடிவு நம் சிந்தனைக்குரியது.

அத்தியட்சர் அசரியா என்றே நாம் அவரை அறிந்திருப்பதால், முடிவிலிருந்து தொடக்கத்தைப் படிப்பது எளிது. 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் நிகழ்ந்த அத்தியட்ச அபிஷேகம் 1909இல் அவர் கையில் இருக்கவில்லை. இருந்தவை வேறு: 1895 முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் வகித்த செயலர் பணி, நாடெங்கும் நண்பர்கள், அமைதியான இல்லம்.

இவற்றை விடும்படி அவரை நெருக்கியது, அவரே பிறரிடம் கேட்டுவந்த கேள்விதான். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நம்மால் ஏன் ஆகாது? 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஊழியர் நம்மவர், பணமும் நம்மவருடையது. நிஜாம் ஆட்சிக்குட்பட்ட டோர்ணக்கல் பணித்தளமாயிற்று. 1905இல் செராம்பூரில் தோன்றிய தேசிய மிஷனெரி சங்கத்திலும் அவர் முன்னின்றார். வாலிபரைப் போகும்படி அழைத்துவந்தவர், தாம் போகாதிருப்பதற்குக் காரணம் காட்ட இயலாத நிலையை அடைந்தார்.

இது துணிச்சல் மட்டும் என்று நாம் கருதவில்லை. சங்கம் ஆறாண்டுகள் நிலைத்து நின்றிருந்தது; சென்னை அத்தியட்சர் வைட்ஹெட் ஆதரவளித்தார். எஞ்சியவையோ இருளாகவே இருந்தன. முப்பத்தைந்தாம் வயதில் புதுமொழியைக் கற்கவேண்டும். அம்மக்கள் தம்மை ஏற்பார்களா என்பதும் தெரியாது. உறுதி முழுமையாக வந்தபின்பே அழைப்புக்கு இணங்குவோம் என்று காத்திருக்கும் மாணவர் நம் கல்லூரிகளில் உண்டு. அசரியாவிடம் பயணம் முந்திற்று.

அன்பு அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடும் வரலாறுகள் நமக்கு நிறைவளிப்பதில்லை. தென்னிந்தியாவில் கல்லூரிக் கல்வி பெற்ற முதற் கிறிஸ்தவப் பெண்களுள் ஒருவர் அவர். 1898இல் மணந்துகொண்டது சங்கச் செயலரை. பதினோராண்டுகளுக்குப்பின் வாழ நேர்ந்ததோ மொழி தெரியாத நாட்டில். அங்கே பெண்களிடையே அவர் செய்த ஊழியமும் அம்முடிவின் ஒரு பாதியே.